கட்டியை அகற்றும் கத்தி, தளர்ந்துபோகும் காவல்

திடக் கட்டியாக வளரும் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்றும் அறுவை சிகிச்சையே முதன்மையான மருத்துவமாக இருக்கிறது. மார்பகம், பெருங்குடல், இரைப்பை, நுரையீரல் என எந்த உறுப்பில் தோன்றினாலும், பிற உறுப்புகளுக்குப் பரவுவதற்கு முன் கட்டியை முழுமையாக வெட்டி எடுக்க முடிந்தால், நோயாளி குணமடையும் வாய்ப்பு பெரிதும் கூடுகிறது. ஆனால் கட்டியை அகற்றும் அதே செயல், உடலில் எஞ்சியிருக்கக்கூடிய புற்று செல்களைத் தேடி அழிக்க வேண்டிய நோயெதிர்ப்பு அமைப்பைச் சில நாட்களுக்கு, சிலரிடம் சில வாரங்களுக்கு, தளர்த்திவிடுகிறது என்பதும் அரை நூற்றாண்டுக்கு மேலாகத் திரண்டு வந்திருக்கும் உண்மை. இந்தத் தளர்ச்சியைக் குறைக்க அறுவை செய்யும் முறையும் வலியைப் போக்கும் முறையும் எவ்வளவு உதவும் என்ற கேள்வி, மயக்கவியல் துறையில் மிகுந்த நம்பிக்கையோடு எழுப்பப்பட்டு, பெரும் பொருட்செலவில் ஆராயப்பட்டு, பலருக்கும் ஏமாற்றம் தந்த விடைகளைப் பெற்றிருக்கிறது. அந்த ஏமாற்றத்துக்கு நடுவே, யாரும் அதிகம் எதிர்பார்க்காத இடங்களிலிருந்து சில நல்ல செய்திகளும் வந்திருக்கின்றன.

உடல் காயத்தை அறியும் விதம்

மருத்துவரின் நோக்கம் எதுவாக இருந்தாலும், உடலின் கணக்கில் அறுவை சிகிச்சை ஒரு காயமே. தோலும் தசையும் வெட்டுப்படும்போது நரம்பு முனைகளிலிருந்து எழும் சமிக்ஞைகள் தண்டுவடம் வழியாக மூளையை அடைந்து, மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதாலமஸ், அதன்கீழ் உள்ள பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் என ஒன்றையடுத்து ஒன்றாகத் தூண்ட, கார்ட்டிசோல், அட்ரினலின், நார் அட்ரினலின் ஆகிய ஹார்மோன்கள் இரத்தத்தில் பெருகுகின்றன. வெட்டுப்பட்ட திசுக்களிலிருந்து புரோஸ்டாகிளாண்டின் என்னும் அழற்சிப் பொருளும், இன்டர்லூக்கின்-6 போன்ற, செல்களுக்கிடையே செய்தி சுமக்கும் புரதங்களும் வெளியாகின்றன. பொது மயக்கம் நோயாளியின் நினைவை மறைக்கிறதே தவிர, இந்தச் சமிக்ஞைகளை முழுமையாகத் தடுப்பதில்லை. அவர் எதையும் உணராமல் கிடக்கையிலும் அவருடைய தண்டுவடமும் சுரப்பிகளும் காயத்துக்கு எதிர்வினை ஆற்றிக்கொண்டே இருக்கின்றன என்பதுதான் இத்துறையின் ஆய்வுகள் அனைத்துக்கும் தொடக்கப் புள்ளி.

இந்த வெள்ளத்தில் முதலில் தளர்பவை இயற்கைக் கொல்லி செல்கள் எனப்படும் வெள்ளணு வகை. முன்னறிமுகம் எதுவும் தேவைப்படாமல், பிறழ்ந்த செல்லைக் கண்டவுடன் அதன் சவ்வைத் துளைத்து அழிக்கும் இயல்புடைய இவை, இரத்த ஓட்டத்தில் அலையும் புற்று செல்களுக்கு முதல் எதிரி. இவற்றின் மேற்பரப்பில் அட்ரினலினைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் உள்ளன. அட்ரினலின் வந்து ஒட்டியதும் இவற்றின் கொல்லும் திறன் மங்குகிறது, புரோஸ்டாகிளாண்டினும் அதே வேலையைச் செய்கிறது, கார்ட்டிசோல் அதற்கு மேலும் ஓர் அழுத்தம் தருகிறது. முன்பு கண்ட பகைவனை நினைவில் வைத்துத் தாக்கும் டி செல்களும் எண்ணிக்கையிலும் வீரியத்திலும் குறைகின்றன. பெரிய அறுவைக்குப் பின் முதல் சில நாட்களில் ஆழமாக இருக்கும் இந்தச் சரிவு பிறகு படிப்படியாக மீள்கிறது. காயம்பட்ட உடல் தன் சொந்தத் திசுக்களையே தாக்கிக்கொள்ளாமல் ஆறுவதற்கு இந்த அடக்கம் உதவுகிறது என்பது பொதுவான விளக்கம். ஆனால் புதிய இரத்தக் குழாய்களை வளர்க்கவும் செல்களைப் பெருக்கவும் காயம் அனுப்பும் அழைப்பு, ஆறவேண்டிய தோலுக்கும் ஒளிந்திருக்கும் புற்று செல்லுக்கும் ஒன்றுபோலவே கேட்கிறது.

இதற்கான பழைய சான்றுகளில் முக்கியமானது 1959-இல் வெளியானது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பெர்னார்ட் ஃபிஷர், எட்வின் ஃபிஷர் என்னும் சகோதரர்கள், எலிகளின் கல்லீரலுக்குச் செல்லும் சிரையில் வெறும் 50 புற்று செல்களைச் செலுத்திப் பார்த்தனர். மாதக்கணக்கில் காத்திருந்தும் கல்லீரலில் கட்டி எதுவும் தோன்றவில்லை. ஆனால் அதேபோல் செல்கள் செலுத்தப்பட்ட எலிகளின் வயிற்றை மீண்டும் மீண்டும் திறந்து மூடியபோது, உறங்கிக் கிடந்த செல்கள் விழித்தெழுந்து கட்டிகளாயின. மார்பகத்தோடு மார்புத் தசையையும் சேர்த்து வெட்டும் பழைய முறை தேவையற்றது எனப் பிற்காலத்தில் நிறுவிய அதே பெர்னார்ட் ஃபிஷர்தான் இவர். 1990-களில் தொடங்கி இஸ்ரேலின் டெல் அவீவ் பல்கலைக்கழகத்தில் ஷம்கார் பென் எலியாஹு, அறுவை, மன அழுத்தம், உடல் வெப்பக் குறைவு ஆகிய ஒவ்வொன்றும் எலிகளின் இயற்கைக் கொல்லி செல்களைத் தளர்த்தி நுரையீரலில் புற்றைப் பரவச் செய்வதைப் பல சோதனைகளில் காட்டினார். மார்பகத்தை அகற்றிக்கொண்ட பெண்களின் பதிவுகளை மிலான் நகரில் ஆராய்ந்த ரொமானோ டெமிக்கேலி, நோய் திரும்பி வருவது ஆண்டுகள்தோறும் சீராகப் பரவியிருக்காமல், அறுவைக்குப் பின் சுமார் 18-ஆம் மாதத்தில் ஓர் உச்சத்தையும், ஐந்தாம் ஆண்டையொட்டி இன்னோர் உச்சத்தையும் தொடுவதைக் கண்டு, முதல் உச்சத்துக்கு அறுவையே தூண்டுகோலாக இருக்கலாம் எனக் கருதினார். 2018-இல் புற்றுநோய் ஆய்வாளர் ராபர்ட் வைன்பெர்க்கின் ஆய்வகம், தொலைவில் ஏற்படுத்தப்பட்ட காயமும் சுண்டெலிகளின் டி செல்களால் அடக்கப்பட்டிருந்த கட்டியை வளரவிடுகிறது என்றும், சாதாரண அழற்சி எதிர்ப்பு மருந்தான மெலோக்சிகாம் அந்த வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிறது என்றும் காட்டியது.

இவற்றைப் படிக்கும்போது, கத்தி பட்டால் புற்று பரவிவிடும் என்று தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் நகரங்களிலும் நிலவும் அச்சம் சரிதானோ என்று தோன்றக்கூடும். சரியன்று. வெட்டி எடுக்கப்படாத கட்டி நாள்தோறும் இரத்தத்தில் செல்களை உதிர்த்துக்கொண்டே இருக்கிறது. அதோடு ஒப்பிடுகையில் அறுவை உண்டாக்கும் சில நாள் தளர்ச்சி மிகச் சிறிய இடர். ஆய்வாளர்கள் கேட்பது, அறுவையைத் தவிர்க்கலாமா என்று அன்று. தவிர்க்கக் கூடாத அந்த அறுவையை இன்னும் பாதுகாப்பானதாக ஆக்க முடியுமா என்றுதான்.

மயக்க மருந்தின்மேல் வைத்த நம்பிக்கை

பொது மயக்கம் மட்டும் போதாது, காயத்தின் சமிக்ஞை மூளையை எட்டாமல் நரம்பையும் மரக்கச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் புதியதன்று. அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரில் ஜார்ஜ் கிரைல் என்னும் அறுவை மருத்துவர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதை வலியுறுத்தி, பொது மயக்கத்தோடு மரப்பூசியையும் சேர்த்துக் கொடுத்துவந்தார். அவர் அஞ்சியது அறுவையால் வரும் அதிர்ச்சியை. புற்று திரும்புவதை அவர் கருதவில்லை. ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதே எண்ணம் புற்றுநோய்த் துறையில் புதிய வடிவில் எழுந்தது.

2006-இல் அயர்லாந்தின் டப்ளின் நகரிலிருந்து வெளியான சிறு ஆய்வு ஒன்று மயக்கவியல் உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. மார்பகப் புற்றுக்கு அறுவை செய்துகொண்ட 129 பெண்களின் பழைய பதிவுகளை அது பின்னோக்கிப் புரட்டியது. அவர்களில் 50 பேருக்குப் பொது மயக்கத்தோடு, முதுகெலும்பின் ஓரத்தில் மார்புக்குச் செல்லும் நரம்புகளை மரக்கச் செய்யும் ஊசியும் போடப்பட்டிருந்தது. ஏனையோர் பொது மயக்கமும் பிறகு மார்ஃபினும் பெற்றிருந்தனர். மூன்று ஆண்டுகளுக்குப் பின் நோய் திரும்பாமலும் பரவாமலும் இருந்தவர்களின் விகிதம் முதல் பிரிவில் 94 சதவீதம், இரண்டாம் பிரிவில் 77 சதவீதம். நரம்பை மரக்கச் செய்வதாலேயே இவ்வளவு பெரிய வேறுபாடு என்றால், அது எந்தக் கீமோதெரபி மருந்துக்கும் ஈடானது. விளக்கமும் தயாராக இருந்தது: நரம்பு ஊசி அழுத்த ஹார்மோன்களைக் குறைக்கிறது, மூச்சுவழி மயக்க வாயுவின் தேவையைக் குறைக்கிறது, மார்ஃபினின் தேவையையும் குறைக்கிறது; மூன்றுமே நோயெதிர்ப்புக்கு நல்லவை.

விளக்கம் அழகாக இருப்பது சான்றாகிவிடாது. பின்னோக்கிப் பார்க்கும் ஆய்வில், எந்த நோயாளிக்கு எந்த ஊசி என்பதை அன்றைக்கு மருத்துவரே முடிவு செய்திருப்பார். உடல் தளர்ந்தவர், கட்டி முற்றியவர், சிக்கலான அறுவை தேவைப்பட்டவர் ஒரு பக்கமாகச் சேர்ந்துவிடக்கூடும். இதை அந்த ஆய்வாளர்களே உணர்ந்திருந்தனர் என்பதும், அவர்களில் டோனல் பக்கியும் டேனியல் செஸ்லரும் தங்கள் கருதுகோளைத் தாங்களே கடுமையான சோதனைக்கு உட்படுத்த முன்வந்தனர் என்பதும் பாராட்டுக்குரியவை. பல நாடுகளின் 13 மருத்துவமனைகளில் 2,100-க்கும் மேற்பட்ட பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நரம்பு ஊசியும் சிரைவழி செலுத்தும் புரோபோஃபால் மயக்கமும், மறு பிரிவுக்குச் செவோஃபுளூரேன் என்னும் மூச்சுவழி மயக்கமும் மார்ஃபின் இனத்து மருந்தும் கொடுத்து, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். 2019-இல் லான்செட் இதழில் வெளியான முடிவு சுருக்கமானது: இரு பிரிவிலும் நோய் திரும்பியவர்கள் 10 சதவீதம். ஆறு மாதங்களுக்குப் பிறகும் வெட்டுக்காயத்தில் வலி இருப்பதாகச் சொன்னவர்கள்கூட இரு பிரிவிலும் 52 சதவீதம்தான்.

அதன்பின் வந்த சோதனைகளும் இதே திசையில் நின்றன. நுரையீரல் புற்றிலும் பெருங்குடல் புற்றிலும் எபிடூரல் எனப்படும், தண்டுவடத்தைச் சூழ்ந்த உறைக்கு வெளியே மெல்லிய குழாய் வைத்துத் தொடர்ந்து மரப்பு மருந்து செலுத்தும் முறை, அறுவைக்குப் பிந்தைய நாட்களின் வலியை நன்றாகக் குறைத்தாலும், நோய் திரும்புவதைத் தள்ளிப்போடவில்லை. மூச்சுவழி மயக்கமா, சிரைவழி மயக்கமா என்ற கேள்வியும் இப்படியே ஆயிற்று. 2016-இல் லண்டன் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையின் 7,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகள், வாயு மயக்கம் பெற்றவர்களிடம் இறப்பு கணிசமாகக் கூடுதல் எனக் காட்ட, பல மருத்துவர்கள் தங்கள் வழக்கத்தையே மாற்றிக்கொண்டனர். ஆனால் ஸ்வீடனின் தலைமையில் மார்பகப் புற்று நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய பெரிய சோதனை, ஐந்தாண்டு முடிவில் வேறுபாடு காணவில்லை. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னை மையமாகக் கொண்டு, 5,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை உள்ளடக்கும்படி வடிவமைக்கப்பட்ட வேப்பர்-சி என்னும் சோதனை இக்கேள்வியைப் பிற புற்றுகளுக்கும் விரிக்கிறது.

வலி நிவாரணிகளில் கீட்டோரோலாக் கதையும் இதையே சொல்கிறது. அழற்சியைத் தணிக்கும் இந்த மலிவான ஊசி பெற்ற பெண்களிடம் மார்பகப் புற்று திரும்புவது குறைவு என 2010-இல் பெல்ஜியத்தில் பாட்ரிஸ் ஃபோர்ஜே பதிவுகளிலிருந்து கண்டார். அவரே நடத்திய சோதனை, 2019-இல், ஒரு வேளை ஊசியால் பலன் இல்லை என்று முடிந்தது. பென் எலியாஹுவின் குழு, அட்ரினலினைத் தடுக்கும் புரோப்ரனோலாலையும் புரோஸ்டாகிளாண்டினைத் தடுக்கும் எட்டோடோலாக்கையும் அறுவைக்கு ஐந்து நாள் முன்பிருந்தே சேர்த்துக் கொடுத்து, 38 பெண்களிடம் இரத்தக் குறியீடுகளிலும் கட்டியின் மரபணுச் செயல்பாட்டிலும் நல்ல மாற்றங்களைக் கண்டது. அடிப்படையைத் தொடும் முயற்சி இது. ஆனால் 38 என்பது உயிர்வாழ்வைப் பற்றி எதுவும் சொல்லப் போதாத எண்.

இத்தனைக்கும் பிறகு எஞ்சும் பாடம் ஒன்று உண்டு. அறுவைக்கு மறுநாள் இரத்தத்தில் இயற்கைக் கொல்லி செல்களின் திறன் சற்றுக் கூடுதலாக இருப்பது, ஐந்தாண்டுக்குப் பின் நோயாளி உயிரோடிருப்பதற்கு உறுதியாகாது. ஆய்வகக் குறியீட்டை நோயாளியின் ஆயுளாக எண்ணிவிடும் பிழை மருத்துவத்தில் அடிக்கடி நேர்வது. செய்தித் தாள்கள் அதை மேலும் பெருக்குவதும் வழக்கம்.

சிறிய துளையும் பெரிய பாடமும்

அறுவை முறையிலும் இதே நாடகம் நடந்தது. வயிற்றைக் கீறித் திறக்காமல் சிறு துளைகள் வழியே கருவிகளையும் கேமராவையும் செலுத்திச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் திசுச் சேதம் குறைவு, இன்டர்லூக்கின்-6 உயர்வு குறைவு, நோயெதிர்ப்புச் செல்களின் சரிவும் குறைவு. அப்படியானால் புற்று திரும்புவதும் குறைய வேண்டும் அல்லவா? 2002-இல் பார்சிலோனாவில் 219 பெருங்குடல் புற்று நோயாளிகளிடம் நடந்த சோதனை ஆம் என்றது. இரண்டாண்டு கழித்து, அமெரிக்காவில் 872 நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனையில் மூன்றாண்டுக்குள் நோய் திரும்பியவர்கள் லேப்ராஸ்கோப்பியில் 16 சதவீதம், திறந்த அறுவையில் 18 சதவீதம். அதாவது இரண்டும் சமம். காயம் சிறியது, வீடு திரும்பும் நாள் விரைவு என்ற காரணங்களுக்காக லேப்ராஸ்கோப்பி நிலைபெற்றதே ஒழிய, நோயெதிர்ப்பைக் காத்ததற்காக அன்று.

கருப்பை வாய்ப் புற்றிலோ முடிவு தலைகீழானது. ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தைச் சேர்ந்த பெட்ரோ ரமிரெஸ் தலைமையில் 631 பெண்களிடம் நடந்த சோதனை 2018-இல் வெளியானபோது, துளை வழியாகவோ ரோபோ உதவியாலோ கருப்பை அகற்றப்பட்டவர்களில் நான்கரை ஆண்டுக்குப் பின் நோயின்றி இருந்தவர்கள் 86 சதவீதமாகவும், வயிற்றைத் திறந்து அகற்றப்பட்டவர்களில் 96.5 சதவீதமாகவும் இருந்தார்கள். நோயெதிர்ப்புக்கு நட்பானது எனக் கருதப்பட்ட முறையே கூடுதல் உயிர்களைப் பலிகொண்டது. கருப்பையை அசைப்பதற்கு உள்ளே செலுத்தும் கருவி கட்டியை நசுக்கி செல்களை உதிர்த்திருக்கலாம். யோனியை வயிற்றுக்குள்ளிருந்தே வெட்டுகையில் கட்டி வயிற்றறைக்குத் திறந்துவிடப்பட்டிருக்கலாம். வயிற்றை உப்பவைக்கச் செலுத்தும் கரியமில வாயு அந்தச் செல்களைப் பரப்பியிருக்கலாம். எது காரணமாயினும், கட்டியைச் சிதறாமல் முழுமையாக எடுப்பது என்னும் பழைய விதியை நோயெதிர்ப்புக் குறியீடு எதுவும் ஈடுசெய்யாது என்பதை இந்தச் சோதனை காட்டியது. இந்தியப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் மார்பகத்துக்கு அடுத்த இடத்தில் இருப்பது கருப்பை வாய்ப் புற்று என்பதால், சிறு தழும்பு என்ற விளம்பரத்தைக் காண்போர் இதை நினைவில் கொள்வது நல்லது.

பழைய விதிகள் எல்லாமே தப்பிப் பிழைத்தன என்றும் சொல்வதற்கில்லை. கிளீவ்லாண்டின் ரூபர்ட் டர்ன்புல் 1967-இல், பெருங்குடல் கட்டியைத் தொடுவதற்கு முன்பே அதன் இரத்தக் குழாய்களைக் கட்டிவிட வேண்டும் என்ற தொடாமுறையைப் பெரும் பலனுடன் அறிவித்தார்; நெதர்லாந்திலும் பின்னாளில் ஜப்பானிலும் நடந்த குலுக்கல் சோதனைகள் அந்த மேன்மையை உறுதிசெய்யவில்லை.

இரத்தம் ஏற்றுவது குறித்த கதை இன்னும் நுட்பமானது. 1973-இல் லாஸ் ஏஞ்சலஸில் கெர்ஹார்ட் ஓபெல்ஸும் பால் டெராசாக்கியும், முன்பு இரத்தம் ஏற்றப்பட்டவர்களிடம் மாற்றுச் சிறுநீரகம் நீண்ட நாள் நிலைப்பதைக் கண்டார்கள். பிறர் இரத்தம் நோயெதிர்ப்பை அடக்குகிறது என்பதே அதன் பொருள். சிறுநீரக நோயாளிக்கு நன்மையானது புற்று நோயாளிக்குத் தீமையாகும் அல்லவா என்று அடுத்த ஆண்டுகளில் ஆய்வாளர்கள் கேட்கத் தொடங்கினர். 1993-இல் நெதர்லாந்தில், பெருங்குடல் புற்று நோயாளிகளில் ஒரு பிரிவுக்குத் தானம் பெற்ற இரத்தத்தையும், மறு பிரிவுக்கு அவர்களிடமிருந்தே முன்கூட்டி எடுத்துச் சேமித்த இரத்தத்தையும் கொடுத்துப் பார்த்தபோது, நோய் திரும்புவதில் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் இரத்தமே தேவைப்படாதவர்களைவிட இரு பிரிவினரிலும் இரத்தம் ஏற்றப்பட்டவர்கள் மோசமாக இருந்தனர். இரத்தத்தைக் காட்டிலும், இரத்தம் தேவைப்படும் அளவுக்கு இழப்பை உண்டாக்கிய சூழலே கேடு என்ற முடிவுக்கு இது இட்டுச் செல்கிறது. எனவே இரத்தம் சிந்தாத அறுவையும், அறுவைக்கு முன்பே சோகையைச் சரிசெய்வதும் முக்கியமாகின்றன. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் 2019-21 சுற்றில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினர் சோகையுடன் இருப்பதாகப் பதிவான நாட்டில், சில வார இரும்புச் சத்து சிகிச்சை எந்த நவீன மயக்க மருந்துக்கும் குறைந்ததன்று.

உடல் வெப்பமும் அப்படியே. குளிரூட்டப்பட்ட அறுவை அரங்கில் மயக்கத்தில் கிடக்கும் உடல் தன் வெப்பத்தை இழக்கிறது. தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, காயத்துக்குச் செல்லும் ஆக்சிஜன் குறைய, கிருமிகளை அழிக்கும் வெள்ளணுக்கள் வலுவிழக்கின்றன. 1996-இல் 200 பெருங்குடல் அறுவை நோயாளிகளிடம் நடந்த சோதனையில், உடல் வெப்பம் காக்கப்பட்டவர்களில் 6 சதவீதத்தினருக்கும், சுமார் இரண்டு டிகிரி தாழ்ந்தவர்களில் 19 சதவீதத்தினருக்கும் காயத்தில் சீழ்பிடித்தது. அதை நடத்தியவர்களுள் ஒருவரும் டேனியல் செஸ்லர்தான். 2019-இல் அவர் தேடிய பெரிய விடை கிட்டாவிட்டாலும், வெதுவெதுப்பான காற்றை ஊதும் போர்வை என்ற எளிய விடை அவருக்கு முன்பே கிட்டியிருந்தது. காயத்தில் சீழ், குடல் இணைப்பில் கசிவு, நிமோனியா போன்ற சிக்கல்கள் நோயாளியைப் படுக்கையில் தள்ளி, அடுத்து வரவேண்டிய கீமோதெரபியை வாரக்கணக்கில் தள்ளிப்போடுகின்றன. நல்ல அறுவையும் நல்ல மயக்கமும் புற்றைக் கட்டுப்படுத்தும் வழி பெரும்பாலும் இதுவே: நோயாளியை விரைவில் எழுப்பி நடக்கவைத்து, உரிய நாளில் அடுத்த சிகிச்சைக்கு அனுப்புவது. கோபன்ஹேகனின் ஹென்ரிக் கெலெட் 1990-களில் வகுத்த விரைவு மீட்பு முறை இதைத்தான் நோக்கமாகக் கொண்டது.

மும்பையின் மரப்பூசி

எதிர்பாராத செய்தி இந்தியாவிலிருந்து வந்தது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ராஜேந்திர பட்வே, அறுவைக்கு முந்தைய சில நாட்களும் நிமிடங்களும் வீணாக விடப்படும் மருத்துவ வாய்ப்பு என்பதை நெடுங்காலமாக வலியுறுத்தி வந்தவர். சுமார் 1,000 பெண்களிடம் அவர் முன்பு நடத்திய, அறுவைக்கு முன் ஒரே ஒரு புரோஜெஸ்டிரோன் ஊசி என்னும் சோதனை ஒட்டுமொத்தமாகப் பலன் காட்டவில்லை. 2011 முதல் நாட்டின் 11 மையங்களில் நடந்த அடுத்த சோதனையில், தொடக்கநிலை மார்பகப் புற்றுள்ள சுமார் 1,600 பெண்களில் பாதிப் பேருக்கு, கட்டியை வெட்டுவதற்கு 7 முதல் 10 நிமிடம் முன்பு, பல் பிடுங்கும்போது மரத்துப்போகப் போடும் அதே லிக்னோகெய்ன் மருந்து கட்டியைச் சுற்றிலும் செலுத்தப்பட்டது. 2023-இல் வெளியான முடிவின்படி, ஐந்தாண்டுக்குப் பின் நோயின்றி வாழ்ந்தவர்கள் ஊசி பெற்ற பிரிவில் 86.6 சதவீதம், பெறாத பிரிவில் 82.6 சதவீதம், உயிரோடிருந்தவர்கள் முறையே 90.1 சதவீதமும் 86.4 சதவீதமும்.

இங்கே பலன் தந்தது நோயெதிர்ப்பைக் காத்ததாக இருக்கவேண்டியதில்லை என்பதுதான் சுவையானது. புற்று செல்களின் சவ்வில் சோடியம் அயனிகள் நுழையும் வாயில்கள் உண்டு; அறுவையின்போது கட்டி இழுபட்டு, அழுத்தப்பட்டு, ஆக்சிஜன் குறைகையில் அவ்வாயில்கள் செல்லின் ஊடுருவும் இயல்பைக் கூட்டுகின்றன என்றும், லிக்னோகெய்ன் அவற்றை அடைத்துவிடுகிறது என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். டப்ளின் ஊசி நரம்பருகே போடப்பட்டது, மும்பை ஊசி கட்டியருகே போடப்பட்டது. மருந்தின் குடும்பம் ஒன்றே, இடம்தான் வேறு. ஒப்பீட்டுப் பிரிவுக்கு மருந்தில்லாத வெற்று ஊசி போடப்படவில்லை, யாருக்கு ஊசி என்பது அறுவை செய்தவர்களுக்குத் தெரியும் என்ற குறைகள் உண்டு. வேறு நாட்டில் வேறொரு குழு இதே முடிவைத் தொடும்வரை இதை நிறுவப்பட்ட சிகிச்சை எனச் சொல்வது அவசரம். ஆயினும் காப்புரிமை இல்லாத, மிக மலிவான, எந்த மாவட்ட மருத்துவமனையிலும் கிடைக்கும் மருந்து இது. இதை மறுசோதனை செய்ய எந்த மருந்து நிறுவனமும் முதலிடப்போவதில்லை என்பதால், அரசுகள்தாம் செய்தாக வேண்டும்.

நோயெதிர்ப்பை நேரடியாகத் தொட்டு, அறுவையின் காலத்தையே கேள்விக்கு உள்ளாக்கிய சோதனையும் 2023-இல் வெளியானது. டி செல்களின்மேல் புற்று போட்டுவைத்திருக்கும் தடையை அகற்றும் பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்தை, மெலனோமா என்னும் தோல் புற்றுள்ள 313 பேரில் ஒரு பிரிவினருக்கு அறுவைக்குப் பின் 18 தவணையாகவும், மறு பிரிவினருக்கு அறுவைக்கு முன் 3, பின் 15 எனவும் கொடுத்தார்கள். மருந்தும் மொத்த அளவும் ஒன்றே. இரண்டாண்டுக்குப் பின் நோய் முற்றாமலும் திரும்பாமலும் இருந்தவர்கள் முன்னதில் 49 சதவீதம், பின்னதில் 72 சதவீதம். கட்டி உடலில் இருக்கும்போதே அதை அடையாளம் கண்டு பழகும் டி செல்கள் பெருவாரியாகப் பெருகுகின்றன. கட்டியையும் அதன் நிணநீர் முடிச்சுகளையும் வெட்டி எறிந்த பின் அந்தப் பயிற்சிக்கு இடமில்லை. இருபதாண்டுகளாக மயக்க மருந்துகளில் தேடப்பட்ட பயன், அறுவைக்கு முந்தைய மூன்று தவணைகளில் இருந்தது எனலாம்.

மார்ஃபின் மீதான குற்றச்சாட்டு

இந்த ஆய்வுகள் அனைத்திலும் பொதுமக்களிடம் மிகத் தவறாகப் போய்ச் சேரக்கூடியது மார்ஃபின் பற்றிய பகுதி. மார்ஃபின் இயற்கைக் கொல்லி செல்களைத் தளர்த்துகிறது என்றும், சுண்டெலிகளில் புதிய இரத்தக் குழாய்களை வளர்த்துக் கட்டியைப் பெருக்குகிறது என்றும் காட்டிய சோதனைகள் உண்மையே. 2002-இல் மின்னசோட்டாவில் கல்பனா குப்தாவின் ஆய்வு அவற்றுள் பெயர்பெற்றது. ஆனால் 1993-இல் கேயில் பேஜும் பென் எலியாஹுவும் சேர்ந்து செய்த சோதனையில், வயிற்றறுவைக்கு உட்பட்ட எலிகளுக்கு மார்ஃபின் கொடுத்தபோது புற்றுப் பரவல் குறைந்தது. முரண் போலத் தோன்றுவதற்கு விளக்கம் எளியது: வலி இல்லாத எலிக்கு மார்ஃபின் ஒரு சுமை, வலியில் துடிக்கும் எலிக்கோ வலியே அதனினும் பெரிய சுமை. மனிதரிடமும் 2021-இல் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மையத்தின் பதிவுகள், மூன்று ஏற்பிகளும் இல்லாத கொடிய வகை மார்பகப் புற்றில், அறுவையின்போது மார்ஃபின் இனத்து மருந்து கூடுதலாகப் பெற்றவர்களிடம் நோய் திரும்புவது குறைவாக இருந்ததைக் காட்டின. அதுவும் பின்னோக்கிய ஆய்வுதான் என்பதால் அதைக்கொண்டு மார்ஃபினைப் போற்ற வேண்டியதில்லை, தூற்றவும் இடமில்லை.

இந்தியாவில் இந்தக் குற்றச்சாட்டுக்குக் கூடுதல் ஆபத்து உண்டு. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் விதித்த உரிமங்களும் தண்டனை அச்சமும் மார்ஃபினை மருத்துவமனைகளின் மருந்தகத்திலிருந்தே விரட்டிவிட, கேரளத்தின் எம்.ஆர். ராஜகோபால் போன்ற மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடிய பின் 2014-இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டு, இன்றியமையாத மருந்துகளுக்கு நாடு முழுவதும் ஒரே விதிமுறை வந்தது. அப்படி அரும்பாடுபட்டு மீட்கப்பட்ட மருந்தை, புற்றைப் பரப்பும் என்ற அரைகுறைச் செய்தியால் நோயாளிகளே ஒதுக்குவது பெருங்கேடாகும். மரத்துப்போகச் செய்யும் நரம்பு ஊசி, பாராசிட்டமால், அழற்சி எதிர்ப்பு மருந்து, தேவையான அளவு மார்ஃபின் எனப் பலவற்றைச் சிறிது சிறிதாகச் சேர்த்து வலியைப் போக்குவதே இன்றைய நடைமுறை. அதில் எதைத் தவிர்ப்பது, எதைக் கூட்டுவது என்பது சிறுநீரகம், இரத்தப்போக்கு, வயது ஆகியவற்றைப் பொறுத்து மயக்கவியல் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

ஆகவே புற்றுநோய் அறுவைக்கு நாள் குறிக்கப்பட்டவர், எந்த மயக்க மருந்து நல்லது என்று இணையத்தில் தேடிக் குழம்புவதைவிட, தன் இரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, புகைப்பதை எத்தனை வாரம் முன்பு நிறுத்த வேண்டும், அறுவைக்கு முன்பே மருந்து சிகிச்சை பெற வேண்டிய வகையா தன் கட்டி என்பவற்றை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். அறுவை முடிந்து வார்டுக்கு வந்த பின் இருமவோ, எழுந்து நடக்கவோ முடியாதபடி வலித்தால், பொறுத்துக்கொள்வதைப் பெருமையாக எண்ணாமல் உடனே செவிலியரை அழைத்துச் சொல்ல வேண்டும்.